சவர்க் கிணற்று நுளம்பும் ஏட்டுப் பிழையும்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவரின் தந்தை நான்கு கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். கூர்ப்பு என்பது வெறும் "கொள்கை"தானே, நிரூபிக்கப்பட்ட உண்மை அல்லவே என்பது முதலாவது. அதை யார் கண்ணால் கண்டது என்பது இரண்டாவது. மனிதன் குரங்கிலிருந்து வந்தவன் என்றால் இன்றைக்கும் குரங்குகள் ஏன் இருக்கின்றன என்பது மூன்றாவது. டார்வின் சொன்னதை மணிவாசகர் சிவபுராணத்தில் முன்னரே சொல்லிவிட்டாரே, அதையே மகளுக்கு விளக்கமாகச் சொல்லலாமா என்பது நான்காவது. கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது: "பரீட்சைக்குப் படி, நம்பத் தேவையில்லை என்று ரியூசனில் சொல்லிவிட்டார்களாம்."

இந்தப் பாடத்தை 30 ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த ஆசிரியர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கூர்ப்பை நம்பத் தேவையில்லை. ஓமின் விதியையும் யாரும் நம்புவதில்லை. சுற்றை அமைத்து, அம்பியர்மானியை வைத்து அளந்து பார்க்கிறோம். கூர்ப்பையும் அவ்வாறே தோண்டியும் எண்ணியும் ஒப்பிட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்ற மற்றப் பாதியை அவர் சொல்லாமல் விட்டதுதான் பிழை.

முதலில் சொல்லைப் பற்றி. "கொள்கை" என்ற சொல் நமக்குச் செய்யும் தொல்லை கொஞ்சமல்ல. தேர்தல் மேடையில் கொள்கை என்றால் ஒரு கட்சி விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கும் நிலைப்பாடு. இன்னொரு கட்சிக்கு இன்னொரு கொள்கை இருக்கலாம், இரண்டுக்கும் இடமுண்டு. விஞ்ஞானப் பாடத்தில் அதே சொல் வேறொரு பொருளில் வருகிறது. உடல்கள் யாவும் கலங்களால் ஆனவை என்பது கலக்கொள்கை. சடப்பொருள் அணுக்களால் ஆனது என்பது அணுக்கொள்கை. இவற்றை "வெறும் கொள்கைதானே" என்று எந்தப் பெற்றோரும் கேட்டு நான் அறியேன். சோதிக்கப்படாத ஊகத்துக்குக் கருதுகோள் என்று தனிப்பெயர் இருக்கிறது. பல திசைகளிலிருந்து சோதிக்கப்பட்டு, சிதறிக் கிடந்த தகவல்களை ஒரே காரணத்தின் கீழ்க் கொண்டுவந்த விளக்கத்தையே கொள்கை என்கிறோம். கேத்திரகணிதத் தேற்றத்தைப் போல ஒரே தாளில் எழுதி முடித்து "நிரூபிக்கப்பட்டது" என்று கோடிடும் வழக்கம் இயற்கை விஞ்ஞானத்தில் எந்தக் கொள்கைக்கும் இல்லை.

"கூர்ப்பு" என்ற சொல்லோ அழகானது. தமிழகத்தார் பரிணாமம் என்பதை இலங்கைப் பாடநூல்கள் கூர்ப்பு என்கின்றன. தொல்காப்பிய உரியியலில் "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்று வருகிறது. ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுதிப்படுவதைக் குறிக்கும் சொற்கள் இவை. புதிதாக ஒன்றைப் படைக்காமல், உள்ளதிலிருந்தே மாற்றம் எழுகிறது என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் "சிறக்கும்" என்பதை மேன்மை அடைதல் என்று எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடுவோம். கூர்ப்புக்கு மேலே ஏறும் படிக்கட்டு எதுவும் இல்லை. குடலில் வாழும் நாடாப்புழுவுக்குச் சொந்தமாக உணவுக் கால்வாயே கிடையாது. அதுவும் கூர்ப்பின் விளைவுதான்.

இரண்டாவது கேள்விக்கு விடை தேடிக் டார்வின் ஆராய்ந்த கலாபகோஸ் தீவுகள் வரை போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கத்துச் சவர்க் கிணறுகளே போதும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு நன்னீரில், அதுவும் ரயரிலும் பூச்சாடியிலும் தேங்கும் தெளிந்த மழைநீரில்தான் முட்டையிடும் என்று நீண்ட காலமாகப் படித்தும் படிப்பித்தும் வந்தோம். கட்டுப்பாட்டு வேலைகளும் அதை வைத்தே திட்டமிடப்பட்டன. 2011 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் கரையோரத்தில் பாவனையற்றுக் கிடந்த கிணறுகளையும் வீசப்பட்ட பாத்திரங்களையும் சோதித்தபோது, லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் இந்த நுளம்பின் புழுப்பருவமான குடம்பிகள் வளர்வதைக் கண்டார்கள். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதாவது கடலின் உப்பில் பாதியை நெருங்கிய நீர் அது.

இந்த இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும், ஏனெனில் விஞ்ஞானச் சிந்தனை தொடங்குவது இங்கேதான். "பார்த்தீர்களா, நுளம்பு கூர்ப்படைந்துவிட்டது" என்று உடனே சொல்லிவிடுவது ஆர்வக் கோளாறு. வேறு விளக்கங்களும் இருக்கின்றன. எல்லா ஈடிஸ் நுளம்புகளுக்கும் அந்த உப்பைத் தாங்கும் வல்லமை முன்பே இருந்திருக்கலாம். நாங்கள்தான் சவர்நீரில் தேடாமல் இருந்திருக்கலாம். அல்லது, வெயிலில் நிற்பவரின் தோல் கறுப்பதைப் போல, ஒவ்வொரு குடம்பியும் தன் வாழ்நாளுக்குள் மட்டும் பழகிக்கொண்டிருக்கலாம். அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகாது. கூர்ப்பு என்று சொல்ல வேண்டுமானால் குடித்தொகைக்குள், அதாவது ஓரிடத்தில் கூடி இனம்பெருக்கும் ஒரே இன உயிர்களின் கூட்டத்துக்குள், பரம்பரையாகக் கடத்தப்படும் வேறுபாடு இருக்க வேண்டும், உப்பைத் தாங்கும் வகையின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை கூட வேண்டும். ஆகவே கரையோர நுளம்பையும் கரையிலிருந்து விலகிய இடத்து நன்னீர் நுளம்பையும் ஆய்வுகூடத்தில் வளர்த்து, இரண்டையும் ஒரே அளவு உப்புநீரில் விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ண வேண்டியிருந்தது. எண்ணினார்கள். கரையோரத்தவை கூடுதலாகத் தாங்கின. தலைமுறை தலைமுறையாக உவர்நீரில் வளர்க்கப்பட்ட நுளம்புகளின் புறத்தோலை ஆக்கும் பரம்பரையலகுகளின் (ஜீன்களின்) தொழிற்பாடு நன்னீர் நுளம்புகளில் உள்ளதிலிருந்து மாறியிருந்ததையும், புறத்தோலின் அமைப்பிலேயே வேறுபாடு தெரிந்ததையும் 2021 இல் வெளியிட்டார்கள். பழக்கத்தின் பங்கும் இதில் உண்டு. எது எவ்வளவு என்பதுதான் ஆய்வுக்குரிய கேள்வி.

இதிலே கவனிக்க வேண்டியது, எந்த ஒரு நுளம்பும் முயன்று தன்னை மாற்றிக்கொள்ளவில்லை என்பது. ஒரு கிணற்றில் விழுந்த ஆயிரம் முட்டைகளில், பரம்பரையலகில் தற்செயலாக நேரும் மாற்றமான விகாரத்தாலும் பரம்பரைக் கலப்பாலும் சிறு சிறு வேறுபாடுகள் இருக்கின்றன. சவர்நீர் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. எஞ்சிய சிலவே முட்டையிடுகின்றன. அந்த முட்டைகளில் தாங்கும் வகையின் பங்கு முன்னையதைவிடக் கூடுதல். உப்பு எவரையும் தேர்ந்தெடுக்க எண்ணவில்லை, ஆனாலும் தேர்வு நடந்துவிடுகிறது. 1858 இல் டார்வின், வொலஸ் இருவரின் எழுத்துகளாக இலண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டவற்றின் சாரம் இவ்வளவுதான். மாணவர்கள் பரீட்சையில் "சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது" என்று எழுதும்போது நான் புள்ளி குறைத்தது இதனால்தான். மாறுவது குடித்தொகை, தனி உயிர் பிழைக்கிறது அல்லது சாகிறது.

நுளம்பைத் தொட்டுவிட்டதால் பலரும் மேடையில் பிழையாகச் சொல்லும் ஒரு கதையையும் திருத்திவிடுகிறேன். டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியின் தெளிப்பினால் 1963 இல் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் 17 பேர் என்ற அளவுக்குக் குறைந்தது; பின்னர் 1967 தொடக்கம் 1969 வரை இலட்சக்கணக்கானோரைத் தாக்கியபடி அது திரும்பி வந்தது. "நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்பைப் பெற்றதால் நோய் திரும்பியது" என்பது கூர்ப்புக்கு வாய்ப்பான உதாரணமாகத் தோன்றுகிறது. ஆனால் வரிசை அப்படி இல்லை. நோய் ஒழிந்தது என்று எண்ணித் தெளிப்பை நிறுத்தியதே முதற் காரணம். மீண்டும் தெளித்தபோதுதான் மருந்து முன்போல் வேலை செய்யவில்லை. மலேரியா நுளம்பில் எதிர்ப்பு 1969 இல் கண்டறியப்பட்டு, 1970களின் நடுப்பகுதியில் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு மாற வேண்டியதாயிற்று. எதிர்ப்பு உண்மை, அது கூர்ப்பு என்பதும் உண்மை, கொள்ளைநோயைத் தொடக்கி வைத்தது அதுவே என்பது உண்மையல்ல. நமக்குப் பிடித்த முடிவுக்குச் சாதகமான கதையைத்தான் இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைச் சுருக்கமாக முடிக்கலாம். உங்கள் பெரியப்பாவின் பேரன் ரொறன்ரோவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து நீங்கள் பிறக்கவில்லை; உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு முன்னோர் இருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை இங்கே இருப்பதனால் மற்றக் கிளை அழிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான முன்னோர் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தவை. அவை இன்றைய சிம்பன்சியும் அல்ல, இன்றைய மனிதனும் அல்ல. வன்னிக் காட்டு மந்தி அதைவிட இன்னும் தூரத்து உறவு.

"உறவு என்று எப்படித் தெரியும்?" என்பதுதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. இதற்குத் தமிழர்களாகிய நமக்கு நன்கு பழகிய ஒரு தொழிலிலிருந்தே விடை சொல்ல முடியும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவரைப் போன்றவர்கள் முன்னால் இருந்தவை செல்லரித்த ஏட்டுச் சுவடிகள். ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பார்த்துப் படியெடுத்தது. ஒவ்வொரு படியிலும் புதிய பிழைகள். இரண்டு சுவடிகளில் ஒரே செய்யுள் சரியாக இருந்தால் அதைக்கொண்டு பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது, சரியான பாடம் எல்லா வழியாலும் வந்து சேரலாம். ஆனால் இரண்டு சுவடிகளிலும் ஒரே இடத்தில் அதே அரை அடி விடுபட்டு, அதே சொல் அதே விதமாகச் சிதைந்திருந்தால், இரண்டும் ஒரு தாய்ச்சுவடியிலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வார். பொதுவான பிழையே உறவின் சான்று.

டி.என்.ஏ.யும் படியெடுக்கப்படும் சுவடிதான். உங்கள் வீட்டு ஆட்டுக்கு யாரும் தேசிக்காய் கரைத்துக் கொடுப்பதில்லை. அது தனக்கு வேண்டிய விற்றமின் சியைத் தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கிறது. பூனையும் அப்படியே. நமக்கு அது முடியாது. பழமும் மரக்கறியும் இன்றி மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளின் முரசு வீங்கி இரத்தம் கசிந்ததும் பற்கள் ஆடியதும் அதனால்தான். ஆக்குவதற்கான கடைசிப் படியைச் செய்யும் நொதியத்தின் பரம்பரையலகு நம்மிடம் இல்லாமற் போகவில்லை. இருக்கிறது, ஆனால் பல துண்டுகள் தொலைந்து, வாசிக்க முடியாதபடி சிதைந்து கிடக்கிறது. சிம்பன்சியிலும் மந்தி போன்ற குரங்குகளிலும் அதே பரம்பரையலகு அதே இடத்தில் சிதைந்தே கிடக்கிறது. ஆனால் வன்னியிலும் உள்ள தேவாங்கு விற்றமின் சியைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அதாவது தேவாங்கின் கிளை பிரிந்துபோன பிறகு, குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான தாய்ச்சுவடியில் அந்தப் பிழை நேர்ந்திருக்கிறது. கினிப்பன்றிக்கும் இந்த வல்லமை இல்லை, ஆனால் அதனுடைய ஏடு வேறு விதமாகச் சிதைந்திருக்கிறது; அது தனியாக நேர்ந்த பிழை. ஒவ்வோர் உயிரும் தனித்தனியே திட்டமிட்டு ஆக்கப்பட்டது என்று கொண்டால், உபயோகமற்ற சிதைவை நமக்கும் குரங்குக்கும் ஒரே மாதிரி எழுதி வைத்ததற்குக் காரணம் சொல்வது கடினம்.

இன்னோர் உதாரணம் இதைவிடத் துணிச்சலானது. மனிதனுக்கு 46 நிறமூர்த்தங்கள் (டி.என்.ஏ.யைச் சுமக்கும் குரோமோசோம்கள்), சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 48. பொது முன்னோர் என்ற கூற்று உண்மையானால் நம்முடைய கிளையில் இரண்டு நிறமூர்த்தங்கள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொள்கைக்கு ஆபத்து, ஏனெனில் ஒரு முழுச் சோடியைத் தொலைத்துவிட்டு எந்த உயிரும் பிழைக்காது. நிறமூர்த்தங்களின் நுனிகளில் வழக்கமாக வரும் ஒரு குறிப்பிட்ட எழுத்துவரிசை இருக்கிறது. 1991 இல் மனிதனின் 2 ஆம் நிறமூர்த்தத்தின் நடுப்பகுதியில், இரண்டு நுனிகள் முகத்தோடு முகம் ஒட்டியவாறு அந்த வரிசை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு சுவடிக் கட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியவர், நடுவில் அகப்பட்ட பழைய மரச்சட்டங்களை எடுக்க மறந்துவிட்டதைப் போல.

எது தன்னை வீழ்த்தும் என்று முன்கூட்டியே சொல்லத் துணிவதுதான் ஒரு கூற்றை விஞ்ஞானக் கூற்றாக்குகிறது. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது செம்மண்ணுக்குக் கீழே வரும் சுண்ணக்கல்லை உடைத்துப் பார்த்தவர்கள் அதற்குள் சிப்பிகளின் அச்சைக் கண்டிருப்பார்கள். அந்தக் கல் மயோசீன் காலத்தது, அதாவது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடையில் ஆழம் குறைந்த கடலின் அடியில் படிந்தது. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. கல்லின் வெடிப்பில் பின்னர் விழுந்ததாக இல்லாமல், அந்தச் சிப்பிகளோடு சிப்பியாக இறுகிக் கிடக்கும் ஒரு மனித மண்டையோட்டை உங்கள் கிணற்றுக்காரர் எடுத்துக் கொடுத்தால் உயிரியல் துறை முழுவதும் ஆட்டம் காணும். இதுவரை உலகின் எந்தக் குழியிலிருந்தும் அப்படி ஒன்று வரவில்லை. மறுபுறம், கொள்கை சொன்ன இடத்தில் சொன்ன பொருள் கிடைத்திருக்கிறது. மீனிலிருந்து நான்கு கால் விலங்குகள் பிரிந்த இடைநிலை உண்மையானால், அது ஏறத்தாழ 37 கோடியே 50 இலட்சம் ஆண்டுப் பழைமையான ஆற்றுப் படிவுகளில் இருக்க வேண்டும் என்று கணித்து, அத்தகைய பாறைகள் வெளித்தெரியும் இடமாக வட கனடாவின் எல்ஸ்மியர் தீவைத் தெரிந்தெடுத்து, பல கோடைகள் வெறுங்கையுடன் திரும்பியபின் 2004 இல் அதைக் கண்டார்கள். செதிலும் செவுளும் மீனுடையவை. கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்புகளும் மீனுக்கு உரியவை அல்ல. ரிக்ராலிக் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பார்ப்பது நமது ஊருக்கும் புதிதல்ல. 1829 மார்ச்சில் ஒரு சந்திரகிரகணம் நேர்ந்தது. அது எப்போது தொடங்கும், எப்போது விடும், எவ்வளவு மறையும் என்று அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு கணக்குச் சொன்னது. அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியின் அதிபர் டானியல் பூவர் வேறொரு கணக்குச் சொன்னார். வேறுபாடு நிமிடக் கணக்கில்தான். சொன்ன இரவில் வானத்தைப் பார்த்தபோது பூவரின் கணக்கே பொருந்தியது. கிரகணத்தைக் கணித்ததே சாஸ்திரியாரின் மரபுக்குப் பெருமைதான், அதை இகழ்வோர் அந்தக் கணக்கின் கடினத்தை அறியாதவர்கள். ஆனால் மிஷனரிமார் அதிலிருந்து எடுத்த முடிவு வேடிக்கையானது: பஞ்சாங்கக் கணக்குப் பிழைத்ததால் சைவமும் பிழை, தங்கள் வேதமே சரி என்று வாதாடினார்கள். நிமிடக் கணக்குக்கும் வேதத்துக்கும் என்ன தொடர்பு? சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 1859 இல், டார்வினின் நூல் வெளிவந்தபோது, படைப்பை ஆறு நாட் கணக்கில் எழுத்துக்கு எழுத்து நம்பியவர்கள் மறுபக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

இது உங்கள் நான்காவது கேள்விக்கு என்னைக் கொண்டுவந்து விடுகிறது. "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று தொடங்கும் அடிகளை நானும் சிறுவயது முதல் பாடி வருபவன். அங்கே பேசப்படுவது ஓர் உயிர் பல பிறவிகளை எடுத்து இளைத்துப்போன கதை; "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்" என்று அவரே சொல்கிறார். கூர்ப்பில் ஓர் ஆன்மாவின் பயணம் என்ற பேச்சே இல்லை. உடல்களின் வம்சாவளியும், குடித்தொகைகளில் பரம்பரையலகுகளின் பங்கு கூடிக் குறைவதும்தான் பொருள். வரிசையாகப் பார்த்தாலும் புழுவுக்குப் பிறகு மரமும் பறவைக்குப் பிறகு பாம்பும் வருகின்றன. பாறைப் படிவுகளில் பாம்பும் பறவையும் ஊர்வனவற்றின் வெவ்வேறு கிளைகளில் எழுந்தவை. ஒன்று மற்றதாக மாறவில்லை. மணிவாசகர் உயிரியல் வரிசையைச் சொல்ல முயலாததால் இது அவருடைய பிழையல்ல. கிரகணக் கணக்கைக் கொண்டு வேதத்தை நிறுவ முயன்ற மிஷனரியின் தவறைத்தான், திருவாசகத்தைக் கொண்டு டார்வினுக்குச் சான்றிதழ் வழங்கும் நாமும் செய்கிறோம். அடுத்த முறை கூர்ப்பு பற்றிய ஒரு விவரம் திருத்தப்படும்போது, அந்தச் சான்றிதழையும் திருத்த வேண்டி வரும். திருவாசகத்துக்கு அந்தச் சங்கடம் தேவையில்லை.

ஆகவே மகள் சிவபுராணத்தைப் பாடட்டும். உயிரியல் விடைத்தாளில் மட்டும் அதை எழுத வேண்டாம். அங்கே உதாரணம் கேட்டால் குருநகர்க் கிணற்று நுளம்பை எழுதலாம். எழுதும்போது "நுளம்பு தன்னை மாற்றிக்கொண்டது" என்று மட்டும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.